பாஸ் மாத்திரை

அன்று காலை ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள்:

நஞ்சப்பா. எலக்ட்ரீஷியன். தளி பக்கம். வீட்டில் கன்னடம், கம்பெனியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும்.

செல்லப்பாண்டி. சிக்னல் மேன். அவன் கீழே நின்று கை காட்டுவான், நான் மேலே கிரேன் ஓட்டுவேன். சுமையில் கயிறு மாட்ட அவனும் பிரஸ் மேல் ஏற வேண்டும். திருநெல்வேலியிலிருந்து ஓசூர் வந்து இருபது வருஷம் ஆகியும் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவான்.

முனிராஜ். செகண்ட் ஷிப்ட் கிரேன் ஆபரேட்டர். சானமாவிலிருந்து வருவான். லேட்டாக வந்தால் வழியில் யானை என்பான். பாதி நாள் அது உண்மை.

வெங்கட்ராமன். பெயிண்டர். வேப்பனப்பள்ளிக்காரன்.

கோவிந்தன். அவன் மச்சான் சங்கர். இருவரும் கூரை ஷீட் மாற்றும் கான்ட்ராக்ட் ஆட்கள்.

கடைசியில் நான், மாதையன். அஞ்செட்டியிலிருந்து இன்னும் உள்ளே போக வேண்டிய ஊர். ஆறாவது வரை படித்தேன். இரும்பைக் காய்ச்சி அடிக்கிற ஃபோர்ஜிங் ஷாப்பில் பத்து டன் கிரேன். இருபத்தாறு வருஷம் ஓட்டினேன்.

ஏழு பேர். ஏழு பேரும் நாற்பத்தைந்து தாண்டியவர்கள்.

ஹைட் பாஸ் நாள்

உயரத்தில் வேலை செய்கிறவனுக்கு எங்கள் கம்பெனியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெடிக்கல் உண்டு. கண், காது, எடை, கடைசியாக பிரஷர். மேல் நம்பர் 140, கீழ் நம்பர் 90. அதைத் தாண்டினால் ஹைட் பாஸ் கிடையாது. பாஸ் இல்லாத கான்ட்ராக்ட் ஆளை கேட்டிலேயே திருப்பிவிடுவார்கள். என்னைப் போன்ற பெர்மனென்ட் ஆளைக் கீழே இறக்கிவிடுவார்கள்.

கீழே இறங்குவது எனக்குச் சாவு மாதிரி. மேலே போய்விட்டால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். எனக்குப் பேச்சு வராது. சுமை வரும். டை என்கிற ஆறு டன் இரும்பு அச்சை ஒரு முட்டை வைக்கிற மாதிரி வைப்பேன். கேபினுக்கு ஏணியில் நாற்பத்திரண்டு படி. அதை ஏறாமல் ஒரு நாள் போனால் அன்றைக்குச் சோறு இறங்காது.

எனக்கு பிரஷர் இருப்பது இரண்டு வருஷத்துக்கு முன்பே தெரியும். பஸ் ஸ்டாண்ட் அருகே ஒரு கேம்ப்பில் சும்மா கையை நீட்டினேன். 170 என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். போகவில்லை. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. நோய் என்றால் எங்காவது நோக வேண்டும். நோகாத நோயை நான் நம்பவில்லை.

ஆனால் ஹைட் பாஸ் நாளுக்குப் பயந்தேன். எல்லாரும் பயந்தோம். அதற்கு ஆளுக்கொரு வழி வைத்திருந்தோம். முதல் நாளே பீடியை நிறுத்துவோம். காலையில் டீ கிடையாது. வெங்கட்ராமன் மோர் குடிப்பான். முனிராஜ் பச்சைப் பூண்டு மென்றுவிட்டு வருவான். அவன் பக்கத்தில் உட்கார முடியாது.

இதெல்லாம் போக நஞ்சப்பாவின் வழி ஒன்று இருந்தது. அவன் வீட்டுக்காரி ரத்னம்மாவுக்கு பிரஷர். மாதாமாதம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுப்பார்கள். அதிலிருந்து கொஞ்சம் கத்தரித்து எடுத்து வருவான். ஆளுக்கு மூன்று. முதல் நாள் சாயந்திரம் ஒன்று, மெடிக்கல் அன்று காலை இரண்டு. அதற்கு நாங்கள் வைத்த பெயர் பாஸ் மாத்திரை.

பாஸில் கையெழுத்து விழுந்த பிறகு யாரும் அந்த மாத்திரையைத் தொட மாட்டோம். மறுபடியும் ஆறு மாதம் கழித்துத்தான். பிரஷர் என்பது மெடிக்கல் அன்றைக்கு மட்டும் வருகிற ஒரு தொல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

முன்பிருந்த கம்பவுண்டர் கையில் பட்டையைக் கட்டுவார், எங்கள் முகத்தைப் பார்த்து ஒரு நம்பர் எழுதுவார். அவர் போய்விட்டார். அன்றைக்குப் புது சிஸ்டர். பாக்யா என்று பெயர். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. பிறந்தது தெலுங்கு வீடு, வாழ்க்கைப்பட்டது கன்னட வீடு, வேலை தமிழில்.

ஒவ்வொருவரையும் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வைத்தார். காலைத் தரையில் பதிக்கச் சொன்னார். பேசக் கூடாது என்றார். இரண்டு தடவை அளந்தார். ஏழு பேரும் முடிந்ததும் ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டு வெளியே வந்தார்.

"126, 130, 122, 134, 132, 124, 128. யாருமே நூத்தி நாப்பதத் தாண்டல. எல்லாரும் விரதமா அண்ணா?"

"மோர் குடிச்சோம் சிஸ்டர்," என்றான் வெங்கட்ராமன்.

"எந்தக் கடை மோர்? எனக்கும் ஒரு பாக்கெட் வாங்கியாங்க."

செல்லப்பாண்டி சிரித்தான். சிஸ்டர் சிரிக்கவில்லை. "மிஷின் சொன்னத எழுதிட்டேன்," என்று கையெழுத்துப் போட்டார். என் நம்பர் 128.

பதினொன்றரை மணி

அன்று பிரஸ்ஸில் டை மாற்ற வேண்டும். ஆறு டன். ஸ்லிங் கயிறு போட்டுத் தூக்கினேன். கீழே செல்லப்பாண்டி கை காட்டினான். ஃபர்னஸ் அனல் மேலே வந்து கேபினில் நிற்கும். அது பழக்கம்தான். வயிற்றில் காலையிலிருந்து ஒன்றும் இல்லை. அதுவும் பழக்கம்தான்.

லோடு பாதி வழியில் இருக்கும்போது செல்லப்பாண்டி இரண்டு ஆளாகத் தெரிந்தான். கண்ணைத் துடைத்தேன். நான்கு கை தெரிந்தது. எந்தக் கை நிஜம் என்று தெரியவில்லை.

சிக்னல் தெரியவில்லை என்றால் நிறுத்து. கிரேனில் முதல் நாள் கற்றுக்கொடுப்பது அது. நிறுத்தினேன். லோடு தரைக்கு நான்கடி மேலே தொங்கியது.

அவன் கீழிருந்து கத்தினான். "அண்ணாச்சி! என்ன ஆச்சு?"

எனக்குக் குரல் வரவில்லை. கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டினேன். அவன் புரிந்துகொண்டான். அந்தப் பகுதி முழுக்க ஆட்களை விரட்டினான். "ஏலே, தள்ளுங்கலே, எல்லாவனும் வெளிய போங்க!" பிறகு தள்ளி நின்று விசிலை வாயில் வைத்தான். நாங்கள் விசில் பழகியிருந்தோம். நீளமாக ஊதினால் இறக்கு. இரண்டு முறை சுருக்கமாக ஊதினால் நிறுத்து.

கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால்தான் சுற்றியது. காதை மட்டும் வைத்து இறக்கினேன். நீளம். நீளம். சுருக்கம், சுருக்கம். ஸ்லிங் தளர்ந்ததைக் கையில் உணர்ந்தேன். மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்தேன். அப்புறம் சீட்டிலிருந்து கீழே சரிந்துவிட்டேன்.

அடுத்து நடந்ததில் கொஞ்சம் செல்லப்பாண்டி பிறகு சொன்னது.

சிஸ்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏணியடிக்கு வந்துவிட்டார். சேஃப்டி ஆபீசர் குறுக்கே நின்றார். "சிஸ்டர், உங்களுக்கு ஹைட் பாஸ் கிடையாது. ஏறக் கூடாது."

"அவர எறக்கியாருவீங்களா நீங்க?"

"ரோப் டீமக் கூப்பிட்டிருக்கேன். இருபது நிமிஷம்."

"அதுவரைக்கும் அவர் கூட யாரு இருக்கறது? நான் ரூல் மீறினேன்னு எழுதி வைங்க சார். எறங்கி வந்து கையெழுத்துப் போடறேன்."

செல்லப்பாண்டி தன் சேஃப்டி பெல்ட்டைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டான். கொக்கி போடும் விதத்தை ஒரே ஒரு தடவை காட்டினான். பேன்ட் போட்ட ஆம்பிளைகளே நடுவில் நின்று மூச்சு வாங்கும் ஏணி அது. அவர் சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு ஏறினார். ஒவ்வொரு கொக்கியாக மாற்றி மாற்றி. நிற்கவில்லை. கீழே பார்க்கவில்லை.

நான் கண் திறந்தபோது என் இரண்டு காலையும் தூக்கி சீட் மேலே வைத்துக்கொண்டிருந்தார். கையில் பட்டை கட்டியிருந்தது.

"மாதையண்ணா. காலைல 128. இப்ப 86. நடுவுல என்ன ஆச்சு?"

"ஒண்ணியும் ஆகல."

"சாப்டீங்களா?"

"இல்ல."

"என்ன போட்டீங்க?"

நான் மேலே கூரையைப் பார்த்தேன். அவர் என் சட்டைப் பையில் கையை விட்டு எடுத்தார். கத்தரித்த மாத்திரை அட்டைத் துண்டு. காலி. பின்பக்கம் சுகாதார நிலையத்தில் நீலப் பேனாவால் தினம் ஒன்று என்று எழுதியிருந்தது, பாதி எழுத்து வெட்டுப்பட்டிருந்தது.

"எத்தனை?"

"மூணு."

"இது மாதிரி எத்தனை பேரு?"

அவரே காலை ரிஜிஸ்டரை நினைத்துப் பார்த்து விரல் விட்டார்.

"கொறஞ்சது அஞ்சு பேருன்னு வைங்க. ஆளுக்கு மூணு. பதினஞ்சு மாத்திரை. இது யாரோ ஒருத்தங்க தெனமும் போட வேண்டியது அண்ணா. அவங்களுக்கு இந்த மாசத்துல பதினஞ்சு நாள் மாத்திரை இல்ல. அவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

திட்டவில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். ரோப் டீம் வரும் வரை மணிக்கட்டைப் பிடித்தபடியே இருந்தார்.

என்னை இறக்கி ஆம்புலன்ஸில் ஏற்றும்போது குனிந்து சொன்னார். "நடந்ததுன்னு ஒரு கட்டம் இருக்குது ஃபார்ம்ல. அதுல நம்பர் எழுதிட்டேன். காரணம்னு இன்னொரு கட்டம். அது காலியா இருக்குது. திங்கக்கிழம என்கொயரி. நீங்களே வந்து சொல்லுங்க."

எலி

டாக்டர் நான்கு நாள் ரெஸ்ட் கொடுத்தார். இரண்டாம் நாள் நஞ்சப்பா வீட்டுக்கு வந்தான். என் வீட்டுக்காரி டீ வைக்க உள்ளே போனாள்.

"பேடா மாதையா," என்றான். "வேணாம். நீ வாயத் தொறந்தா ஏழு பேரும் கீழ. கோவிந்தனும் சங்கரும் கேட்டுக்கு வெளிய. சாப்புடல, மயக்கம் வந்துச்சுன்னு சொல்லு. முடிஞ்சு போச்சு."

"ரத்னம்மாவுக்கு மாத்திரை இருக்குதா?"

"அடுத்த மாசம் வாங்கிப்பா."

"அதுவரைக்கும்?"

"தல நோவுதும்பா. பின்கழுத்து இழுக்குதும்பா. காபித் தூளு ஜாஸ்தி போட்டுக் குடிச்சிக்கினு படுத்துக்குவா."

"மாத்திரை எங்கன்னு கேக்க மாட்டாளா?"

"எலி தூக்கிக்கினு போச்சுன்னு சொன்னேன்."

"மாத்திரையையா?"

"நம்பிட்டா. போன தடவயும் அதுதான் சொன்னேன்."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ரத்னம்மாவை எனக்குத் தெரியும். எங்கள் பெரிய பெண் கல்யாணத்தில் மூன்று நாள் இருந்து சமைத்தவள். அந்த அம்மாவின் தலைவலியை வாங்கி விழுங்கித்தான் நான் கிரேன் ஏறியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை. நான்கு மெடிக்கல்.

நஞ்சப்பா டீ குடிக்காமல் போனான்.

அந்த வாரம் ஷாப்பில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சிஸ்டர் இரண்டு சக்கர டிராலி ஒன்றில் பிரஷர் மிஷினை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாராம். டீ கவுன்டருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், ஒரு நாற்காலி. பெயர் எழுத மாட்டேன், டோக்கன் நம்பர் கேட்க மாட்டேன், சும்மா கையை நீட்டுங்க என்றாராம். முதல் நாள் யாரும் போகவில்லை. இரண்டாம் நாள் கேன்டீன் மாஸ்டர் போனார். அப்புறம் ஒவ்வொருவராக. மிஷினை அவரவர் பக்கம் திருப்பி வைப்பாராம். நம்பரைச் சத்தமாகச் சொல்ல மாட்டாராம். "நம்பர் உங்களுது. நீங்களே பாருங்க."

கூரை ஷீட் கோவிந்தனுக்கு 204 வந்தது. அவன் பட்டையைப் பிய்த்துக்கொண்டு எழுந்தான். சிஸ்டர் அவன் சூபர்வைசரிடம் போகவில்லை. ஷிப்ட் முடிந்ததும் அவனோடு ஷேர் ஆட்டோவில் ஏறி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மாத்திரை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் அத்திப்பள்ளி பஸ் பிடித்து வீட்டுக்குப் போனார். அது அவர் வேலை இல்லை. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

என்கொயரி

திங்கட்கிழமை. மேனேஜர் ரூம். மேனேஜர், சேஃப்டி ஆபீசர், சிஸ்டர், செல்லப்பாண்டி, நான். மேஜை மேல் அந்த ஃபார்ம். காரணம் என்ற கட்டம் காலி.

மேனேஜர் கேட்டார். "என்ன மாதையா, சாப்பிடாம ஏறினியா?"

அந்தக் கேள்வியே தப்பிக்க ஒரு வழி. ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. செல்லப்பாண்டி என்னைப் பார்த்தான். அவனும் அன்று மூன்று போட்டவன்தான்.

"சாப்பிடல சார். ஆனா அது இல்ல. எனக்கு பிரஷர் இருக்குது. ரெண்டு வருஷமாத் தெரியும். பாஸுக்காக மாத்திரை போட்டேன். அடுத்தவங்களது. மூணு."

மேனேஜர் பேனாவை வைத்தார். "ஆறு டன் தொங்குது, கீழ ஆளு நிக்கறான். நீ என்ன பண்ணியிருக்கேன்னு தெரியுதா?"

"தெரியுது சார்."

"வேற யாரெல்லாம் போட்டாங்க?"

"நான் என்னப் பத்திச் சொல்லத்தான் வந்தேன்."

"அண்ணாச்சி சொல்லாட்டா நான் சொல்லுதேன் சார்," என்றான் செல்லப்பாண்டி. "நானும் போட்டேன். என்னப் பத்தி மட்டுந்தான் நானும் சொல்லுவேன்."

சேஃப்டி ஆபீசர், "ரூல்படி ரெண்டு பேருக்கும் பாஸ் கேன்சல் சார். இனிமே லிமிட்ட 130 ஆக்கிடலாம்," என்றார்.

அப்போது சிஸ்டர் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். குரல் உயரவில்லை.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? இந்த ஷாப்புல எத்தனை பேருக்கு பிரஷர் இருக்கும்னு நெனைக்கறீங்க?"

"மாதையன், இவன். இன்னும் ஒருத்தர் ரெண்டு பேர் இருக்கலாம்."

சிஸ்டர் ஒரு பேப்பரை எடுத்து மேஜை மேல் வைத்தார். பெயர் இல்லை. நம்பர்கள் மட்டும், ஒன்றன் கீழ் ஒன்றாக. சிலவற்றின் எதிரே பெருக்கல் குறி.

"நாப்பது பேரு. சாதாரண நாளு. ஒக்கார வெச்சு, ரெண்டு தடவ, வேற வேற நாளுல அளந்தது. குறி போட்டது எல்லாம் அதிகம்."

மேனேஜர் விரலை வைத்து எண்ணினார். பாதியில் தப்பு விட்டு முதலிலிருந்து எண்ணினார். "பதினாலா?"

"பதினாலு. மாதையண்ணா லீவுல இருந்தாரு, அவர் அதுல இல்ல. இதுல முக்காவாசிப் பேருக்கு ஒரு தொந்தரவும் கெடையாது சார். வந்து கைய நீட்டற வரைக்கும் அவங்களுக்கே தெரியாது. லிமிட்ட 130 ஆக்கினா பிரஷர் கொறையாது. மாத்திரை திருடறவன் ஜாஸ்தி ஆவான்."

"அதுக்காக பிரஷர் இருக்கறவன கிரேன்ல ஏத்தச் சொல்றியாம்மா?"

சிஸ்டர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணி. தோள் பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டார். மேனேஜர் மேஜையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"எனக்கு மூணு வருஷமா இருக்குது சார். ரெண்டாவது பிரசவத்துல வந்தது, போவல. தெனமும் பத்து மணிக்கு ஒண்ணு. இத முழுங்கிக்கினுதான் அன்னிக்கு நாப்பத்திரண்டு படி ஏறினேன். எனக்கு வேலை இல்லன்னு சொல்வீங்களா?"

நாற்பத்திரண்டு. அந்த ஷாப்பில் படியை எண்ணியவன் நான் ஒருவன் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

மேனேஜர் அந்தப் பேப்பரை மடித்து வைத்தார். பிறகு சேஃப்டி ஆபீசரிடம், "டாக்டரக் கூப்பிட்டு ரூல மாத்தி எழுதலாம்," என்றார். என்னிடம், "மூணு மாசம் கீழ இரு. தெனமும் மாத்திரை. வாரா வாரம் சிஸ்டர்கிட்ட அளக்கணும். நம்பர் நின்னா ஏறு. நிக்கலன்னா கெடையாது," என்றார். செல்லப்பாண்டிக்கும் அதேதான்.

ஃபார்மில் காரணம் என்ற கட்டத்தை நானே எழுதினேன். என் கையெழுத்து கோணல். படிக்க முடிந்தது.

வெளியே வரும்போது சேஃப்டி ஆபீசர் இன்னொரு பேப்பரை நீட்டினார். பாஸ் இல்லாமல் உயரத்தில் ஏறியதற்கு சிஸ்டர் மேல் ரிப்போர்ட். அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். "சார், ஏறின நேரம் தப்பா இருக்குது. பதினொண்ணு நாப்பது," என்று திருத்தியும் கொடுத்தார்.

கீழே

மூன்று மாதம் ஸ்லிங் செக் செய்தேன். கம்பிக் கயிற்றில் அறுந்த இழையை எண்ணும் வேலை. தலைக்கு மேலே என் கிரேன் போகும், வரும். எனக்குப் பதில் ஓட்டிய முனிராஜ் பிரேக்கை இழுத்துப் பிடிப்பான், எனக்குப் பல் கூசும்.

"என்னாண்ணா, கீழ காத்து எப்பிடி?" என்று பெயிண்டர் வெங்கட்ராமன் தினமும் கேட்பான். இரண்டாம் வாரம் அவனும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். மோர் அவனைக் காப்பாற்றவில்லை.

வாரா வாரம் கையை நீட்டினேன். 164. 158. 160. மூன்றாவது நம்பரைப் பார்த்து எழுந்துவிட்டேன்.

"ஒக்காருங்கண்ணா. ஏறும், எறங்கும். ஊறுகா சாப்டீங்களா?"

"கருவாடு."

"கருவாட்ட விடுங்க, அப்புறம் பாக்கலாம். அஞ்சு நிமிஷம் பேசாம இருங்க. உங்களுக்கு அது ஒண்ணும் கஷ்டம் இல்லயே."

டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். 148. 142. 136.

நஞ்சப்பா ஒரு மாதம் கழித்து வந்தான். வாசலில் நின்றான். சிஸ்டர் நாற்காலியைக் காட்டினார். அளந்தார். 176. ஊர் சுகாதார நிலையத்தில் அவன் பெயருக்கே ஒரு சீட்டு போட வைத்தார். ஒரே ஒரு கண்டிஷன்தான் சொன்னார்: ரத்னம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்.

மறுநாள் அவனிடம் கேட்டேன். "சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"சோறு போட்டா. இன்னிக்குக் காலைல மாத்திரை எடுத்துக் கொடுக்கறா, எலிக்கு இப்ப பிரஷர் எப்பிடி இருக்குதுன்னு கேக்கறா."

அவனே சிரித்தான். நான் அவனோடு சேர்ந்து அன்றைக்கு ரொம்ப நேரம் சிரித்தேன்.

பத்து மணி

மூன்று மாதம் முடிந்து ரீடெஸ்ட். டாக்டரும் இருந்தார். 132, 84. மறுபடியும் அளந்தார்கள். 130, 84. பாஸில் சிஸ்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "சாப்டீங்களா?" என்றார். "நாலு இட்லி," என்றேன். "போங்க."

நாற்பத்திரண்டு படி. சீட்டில் தூசி. துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். கீழே செல்லப்பாண்டி நின்றான். ஒரே செல்லப்பாண்டி, இரண்டே கை. தூக்கு என்று காட்டினான். தூக்கினேன்.

பத்து மணிக்கு டீ சைரன். இப்போது அந்த சைரனுக்கு எங்கள் ஷாப்பில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. சிஸ்டர் டீ கவுன்டர் பக்கம் வந்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நின்று, தன் மாத்திரையைப் போடுவார். வா என்று யாரையும் கூப்பிட மாட்டார். அவர் போடுவதைப் பார்த்து மற்றவர்களும் எடுப்பார்கள். ஒளிக்கிற ஆள் இல்லை. மறந்தவனை, "டேய், உன் டீசல் ஊத்தினியா?" என்று பக்கத்தில் இருப்பவன் கேட்பான்.

மேலிருந்து பார்த்தால் மாத்திரை அட்டை வெயில் பட்ட தகரம் மாதிரி மின்னும். ஆள் முகம் தெரியாது, மினுக்கு தெரியும். அன்றைக்கு எண்ணினேன். பதினொன்று. சிஸ்டர் பேப்பரில் இருந்தது பதினான்கு குறி. இன்னும் மூன்று பேராவது எங்கேயோ கையை மறைத்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டாவதாக நான் என் மாத்திரையைப் போட்டேன்.

அதற்குப் பிறகு நான்கு வருஷம் ஓட்டினேன். சிஸ்டர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அந்த ரிப்போர்ட் அவர் ஃபைலில் இன்னும் இருக்கிறது. எடுத்துவிடச் சொல்லட்டுமா என்று மேனேஜர் கேட்டதற்கு, ஏறியது நிஜம்தானே சார், இருக்கட்டும் என்றாராம்.

இப்போது ஏணி ஏறுகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். நோகவில்லை என்றால் இல்லை என்று அர்த்தம் இல்லை. சாதாரண நாளில் கையை நீட்டு. அடுத்தவர் மாத்திரையைத் தொடாதே. உன் மாத்திரையை நிறுத்தாதே. பக்கத்தில் நிற்பவனுக்கும் இருக்கும், அவனும் உன்னிடம் மறைத்துக்கொண்டிருப்பான். நீ முதலில் எடு.

வேலையில் என் கடைசி நாளிலும் பத்து மணிக்கு மேலேதான் இருந்தேன். சைரன் அடித்தது. கீழே குனிந்து மினுக்கை எண்ணினேன். வயதானவர்கள் கூடியிருந்தார்கள், மறைத்தவர்கள் குறைந்திருந்தார்கள். தப்பு விடக் கூடாது என்று இரண்டு தடவை எண்ணினேன்.

பத்தொன்பது.